எகானமி 7 மீட்டர் இருக்கும் வீட்டில் காசைக் கரைக்கும் தவறுகள்

லண்டனுக்கு வந்த முதல் நவம்பரில், வாடகைக்கு எடுத்த ப்ளாட்டின் சுவரோரம் பெட்டி மாதிரி கனமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. மேலே இரண்டு குமிழ்கள், ஒன்றில் இன்புட், இன்னொன்றில் அவுட்புட். காலை எட்டு மணிக்குக் குளிர் தாங்காமல் இரண்டையும் கடைசி வரைக்கும் திருகிவிட்டு அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், துளிகூடச் சூடாகவில்லை. சரி, கெட்டுப்போன ஹீட்டர் போல என்று முடிவுகட்டி, சாயங்காலம் ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்கி வந்து குளிர்காலம் முழுக்க அதிலேயே ஓட்டினேன். திருகிய குமிழ்களை அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பெட்டி தினமும் ராத்திரி முழுமூச்சாகக் கரண்டை இழுத்து, நான் கம்பளிக்குள் சுருண்டு தூங்கும்போதும் வேலைக்குப் போன பிறகும் சூட்டை எல்லாம் காலி அறையில் கொட்டித் தீர்த்துவிட்டு, நான் வீடு திரும்பும் நேரத்துக்குச் சில்லென்று நின்றுகொண்டிருந்தது என்பது பில் வந்த பிறகுதான் புரிந்தது. இரண்டு ஹீட்டருக்குப் பணம் கட்டி, குளிரில் நடுங்கியிருக்கிறேன்.

அது கெட்டுப்போனது இல்லை, ஸ்டோரேஜ் ஹீட்டர். உள்ளே கனமான செங்கல் மாதிரிக் கட்டிகள் அடுக்கியிருக்கும். ராத்திரி மலிவுக் கரண்டில் அந்தக் கட்டிகள் சூடேறும், பகலெல்லாம் அந்தச் சூடு மெல்ல மெல்ல வெளியே வரும். இந்த ஹீட்டருக்குப் போகும் ஒயரில் பகலில் கரண்டே வராது, அதனால் காலை எட்டு மணிக்கு என்ன திருகினாலும் பலனில்லை. நாளைக்கு இட்லி வேண்டுமென்றால் இன்றைக்கே மாவு ஆட்டி வைக்கிறோம் அல்லவா, அந்தக் கணக்குதான். கேஸ் ரேடியேட்டரில் பழகியவர்கள் எல்லோரும் முதலில் இடறி விழும் இடம் இது.

எகானமி 7 என்ற இந்தக் கரண்ட் கட்டணத் திட்டம் பிரிட்டனில் 1978-ல் வந்தது. ராத்திரியில் கரண்ட் தேவை குறையும்போதும் அப்போதிருந்த பெரிய நிலக்கரி, அணு மின் நிலையங்களைச் சட்டென்று அணைத்துப் போட முடியாது, அதனால் ஏழு மணி நேரம் மலிவாகக் கொடுக்கிறோம், அப்போது இழுத்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி யூனிட் மலிவு, ஆனால் பகல் யூனிட் சாதாரண ஒரே விலைத் திட்டத்தைவிட விலை கூடுதல். பலரும் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். கணக்குக்காக ராத்திரி யூனிட் 15 பென்ஸ், பகல் யூனிட் 30 பென்ஸ், ஒரே விலைத் திட்டத்தில் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கரண்டில் மூன்றில் ஒரு பங்காவது ராத்திரியில் ஓடினால்தான் சரிக்குச் சரியாக வரும், அதற்குக் கீழே போனால் நஷ்டம்தான். உங்கள் பில்லில் இருக்கும் விலைகளைப் போட்டு இதே கணக்கை ஒரு தடவை செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அந்த ஏழு மணி நேரம் எது என்று சரியாகத் தெரியாமல் இருப்பது அடுத்த தவறு. சில இடங்களில் ராத்திரி 12 முதல் காலை 7 வரை, சில இடங்களில் 11 முதல் 6 வரை, அரை மணிக்கு ஆரம்பிக்கும் வீடுகளும் உண்டு. இன்னொரு வேடிக்கை, பல பழைய மீட்டர்கள் கோடையிலும் கடிகாரத்தை மாற்றாமல் குளிர்கால நேரத்திலேயே ஓடும். நாம் மார்ச் மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறோம், மீட்டருக்கு அது தெரியாது, 12 முதல் 7 என்பது நம் கடிகாரத்தில் 1 முதல் 8 ஆகிவிடும். பன்னிரண்டு மணிக்கு வாஷிங் மெஷினைப் போட்டவர் முதல் ஒரு மணி நேரத்துக்குப் பகல் விலை கொடுத்திருப்பார். கரண்ட் கம்பெனியிடம் கேளுங்கள், கேட்டதை ஒரு ராத்திரி மீட்டர் பக்கத்தில் நின்றும் சரிபாருங்கள்.

வாஷிங் மெஷின் என்றதும் சொல்ல வேண்டும், மலிவு என்பதற்காக அதையும் டிரையரையும் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஓட விடாதீர்கள், தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது. டைமர் வைத்து, நீங்கள் எழுந்திருக்கும் கடைசி மலிவு மணி நேரத்தில் ஓட விடலாம். கீழ் வீட்டுக்காரரும் திட்டமாட்டார்.

இப்போது அந்த இரண்டு குமிழ்கள். இன்புட் என்பது இன்று ராத்திரி எவ்வளவு சூட்டைச் சேமிப்பது என்பதற்கு, அவுட்புட் என்பது சேமித்ததை எவ்வளவு வேகமாக வெளியே விடுவது என்பதற்கு. பழைய ஹீட்டரில் அவுட்புட் என்பது வெறும் ஒரு மூடி, திறந்து மூடும், அவ்வளவுதான். படுக்கப் போகும் முன்னாலும் வேலைக்குக் கிளம்பும் முன்னாலும் அதை மூட வேண்டும், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் திறக்க வேண்டும். மூடி வைத்தாலும் கொஞ்சம் சூடு கசிந்துகொண்டேதான் இருக்கும், பழைய பெட்டி அப்படித்தான், ஆனால் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கும். இன்புட்டை நாளைய வானிலையைப் பார்த்து வையுங்கள். பெரிய ஹீட்டர் ஒன்று முழு இன்புட்டில் ஒரு ராத்திரிக்கு 20 யூனிட்டுக்கு மேல்கூட இழுக்கும், நம் கணக்குப்படி 3 பவுண்டு. அக்டோபரில் வெயில் அடிக்கப்போகிற நாளுக்கு முன்ராத்திரி அதை வீணாக்கிவிட்டு, மறுநாள் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2018 ஜனவரிக்குப் பிறகு வந்த ஹீட்டர்களில் தெர்மோஸ்டாட், டைமர் எல்லாம் விதிப்படியே இருக்க வேண்டும், அவற்றில் இந்தக் குமிழ் வித்தை தேவைப்படாது. ஆனால் அவற்றில் பலவற்றில், அப்போதே சூடாக்கும் பூஸ்ட் பட்டன் இருக்கும், அது பகல் விலையில் ஓடும், குழந்தைகள் அமுக்கிவிடுவார்கள்.

ஈரத் துணியை ஸ்டோரேஜ் ஹீட்டர் மேல் காயப்போடும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும், சில மாடல்களில் அதைத் திரும்பப் போட எலக்ட்ரீஷியன் வர வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து தனி.

அப்புறம் இந்த ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் விவகாரம். ஆயில் ஹீட்டர் கரண்ட் குறைவாக இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிளக்கில் சொருகுகிற எந்த ஹீட்டராக இருந்தாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான், எண்ணெய் இருந்தாலும் கண்ணாடி இருந்தாலும் விலை எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் அதேதான். 2 கிலோவாட் ஹீட்டர் சாயங்காலம் நான்கு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 8 யூனிட், பகல் விலையில் 2.40 பவுண்டு. அதே 8 யூனிட்டை ராத்திரியில் சேமித்திருந்தால் 1.20. அரை மணி நேரம் ஒரு சின்ன அறையைச் சூடாக்க பிளக் ஹீட்டர் சரிதான், அதுவே உங்கள் முதன்மை ஹீட்டராகிவிட்டால் எகானமி 7-க்கு அர்த்தமில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், பணம் சத்தமில்லாமல் போகும் இடம் இதுதான். இந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு அலமாரிக்குள் உயரமான டேங்க் இருக்கும், அதில் இரண்டு இம்மர்ஷன் ஹீட்டர்கள், நம் ஊரில் வாளியில் போடும் ராடு மாதிரியேதான், கொஞ்சம் பெரிசு. கீழே இருப்பது ராத்திரி மலிவுக் கரண்டில் முழு டேங்க்கையும் சூடாக்கும். மேலே இருப்பது பகலில் திடீரென்று தண்ணீர் தீர்ந்தால் மேல்பாதியை மட்டும் சூடாக்குவதற்கு, அதன் சுவிட்சில் பூஸ்ட் என்று எழுதியிருக்கும். விருந்தாளிகள் வந்த ஒரு வாரக்கடைசியில் நான் அதைப் போட்டேன். அணைக்க மறந்துவிட்டேன், அலமாரியில் மடித்து வைத்த போர்வைகள் சுவிட்சின் சிவப்பு விளக்கை மறைத்துக்கொண்டிருந்தன, மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவை குழாயைத் திறந்த பிறகும் பகல் விலையில் அது திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, மேல்பாதி எப்போதும் சூடாகவே இருப்பதால் ராத்திரி ராடுக்கு வேலையும் குறைந்துபோயிருக்கிறது.

120 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் இம்மர்ஷனுக்கு இது ஏறக்குறைய இரண்டு மணி இருபது நிமிட வேலை. ஆகவே ஏழு மணி நேரம் போதுமா என்ற கவலை வேண்டாம். டேங்க்குக்கு நல்ல உறை போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 80 மில்லிமீட்டர் கனமுள்ள உறை கடையில் கிடைக்கும், செலவில்லாத வேலைகளுக்கு அடுத்தபடியாக நான் முதலில் சொல்வது அதைத்தான். மிச்சம் பிடிக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 50-க்குக் கீழே இறக்கிவிடாதீர்கள், வெதுவெதுப்பாக நிற்கும் தண்ணீரில் நிமோனியா மாதிரி நோய் தரும் லெஜியோனெல்லா கிருமி வளரும், 60-லேயே இருக்கட்டும். 70-க்கு ஏற்றினால் கை வெந்துபோகும், லண்டன் மாதிரி கடினத் தண்ணீர் வரும் இடங்களில் ராடு மேல் சுண்ணாம்பும் சீக்கிரம் படியும்.

சுவரில் இருக்கும் எலக்ட்ரிக் ஷவர் இந்த டேங்க்கிலிருந்து தண்ணீர் எடுப்பதில்லை, அந்த நிமிடத்திலேயே சூடாக்குகிறது. 9 கிலோவாட் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 1.5 யூனிட், பகல் விலையில் 45 பென்ஸ். அப்படியென்றால் டேங்க் தண்ணீரில் குளித்தால் பாதி விலை என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் டேங்க்கிலிருந்து வரும் ஷவரில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும், பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கும் பதத்தில் பத்து நிமிடத்தில் 80 லிட்டர் போனால் கிட்டத்தட்ட 2.8 யூனிட், மலிவு விலையிலேயே 42 பென்ஸ். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. காலையில் மலிவு நேரம் முடியும் முன்னால் குளிப்பவர்களுக்கு எலக்ட்ரிக் ஷவரே இன்னும் லாபம். உண்மையில் எல்லாவற்றையும் ஜெயிப்பது நம் வாளிக் குளியல்தான், டேங்க் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து அதே பதத்தில் பிடித்த 20 லிட்டருக்குப் பத்துப் பதினோரு பென்ஸ் ஆகும், பாத் டப்பில் நின்றுகொண்டு சொம்பால் ஊற்றிக்கொள்வதை யாரும் பார்க்கப்போவதில்லை.

மீட்டரில் இரண்டு ரீடிங் இருக்கும், இரண்டும் இடம் மாறிப் பதிவாவது சகஜம். பகலில் கெட்டிலைப் போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள், எந்த எண் நகர்கிறதோ அது பகல் கணக்கு. பில்லில் அது ராத்திரி என்று இருந்தால் உடனே போன் செய்யுங்கள்.

பல பழைய வீடுகளில் மலிவு நேரத்தை ஆரம்பித்து வைத்ததே பிபிசி ரேடியோ 4-ன் 198 கிலோஹெர்ட்ஸ் நெடும் அலையில் வந்த சிக்னல்தான். அந்தச் சேவையைப் படிப்படியாக நிறுத்தும் வேலை 2025 ஜூன் 30 முதல் தொடங்கிவிட்டது. அந்தப் பழைய மீட்டரை மாற்றாமல் விட்டால் ஹீட்டர் ஒரேயடியாக ஓடாமல் நின்றுவிடலாம், அல்லது அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம், இரண்டும் ஜனவரியில் நடக்கக்கூடாத விஷயம். அதற்குப் பதிலாக ஸ்மார்ட் மீட்டர் போட்டுவிட்டுப் போன மறுநாள் காலை எழுந்ததும் ஹீட்டரையும் வெந்நீர்க் குழாயையும் தொட்டுப் பாருங்கள், இரண்டும் சுட வேண்டும். ஹீட்டர் பகலிலும் கரண்டை இழுக்கிறதா என்று மத்தியானம் மீட்டர் ஓடும் வேகத்தையும் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் உங்கள் ராத்திரிப் பங்கு மூன்றில் ஒன்றைத் தொடவில்லை என்றால் ஒரே விலைத் திட்டத்துக்கு மாறிவிடலாம், ஆனால் மாறிய அன்றே ஸ்டோரேஜ் ஹீட்டரின் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். விலை மாறினாலும் ஒயர் மாறாது, அது பாட்டுக்கு ராத்திரி முழுக்க இருபது யூனிட் இழுத்துக்கொண்டிருக்கும், இந்தத் தடவை 25 பென்ஸ் விலையில்.