இடுப்பளவு காடைக்கூண்டு கட்டாதீர்கள்

முதல் காடைக்கூண்டு கட்டியவர்கள் படம் அனுப்பினால் என் கண் தேடுவது ஏணியைத்தான். பெரும்பாலும் இருக்கும். உட்கார ஒரு கழி, மேலே ஒரு மாடி அறை எல்லாம் இருக்கும். நானும் கட்டியிருக்கிறேன். கோழிக்கூண்டைச் சுருக்கினால் காடைக்கூண்டு வந்துவிடும் என்கிற நினைப்பு. காடையோ தரையில் வாழும் பறவை. கழியில் அடையாது, பொழுது சாய்ந்ததும் தானாக உள்ளே போகாது, முட்டையைக்கூட நின்ற இடத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஏணிக்கு அறுத்த பலகை வீண். அது சின்ன நட்டம்தான்.

உயரம்

பெரிய நட்டம் இது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. “பாவம், முழங்கால் உயரத்துக்குள் அடைப்பதா?” என்று இரக்கப்பட்டு இடுப்பளவுக்குக் கட்டுகிறார்கள். அந்த இரக்கம்தான் மண்டையை உடைக்கிறது.

மிரண்ட காடை நின்ற இடத்திலிருந்து ராக்கெட் வாணம்போல நேர் மேலே பாயும். பூனையின் நிழல், இரவில் டார்ச் வெளிச்சம், தட்டு விழுந்த சத்தம், ஏதாவது ஒன்று போதும். கூரை 1 அடியில் இருந்தால் வேகமெடுக்கும் முன்பே தலை தட்டிவிடும், அடி லேசாகப் போகும். 6 அடிக்கு மேல் இருந்தால் பாய்ச்சல் தணிந்து பக்கவாட்டில் திரும்ப இடம் கிடைக்கும். 2 அடியிலிருந்து 4 அடி வரைதான் ஆபத்து. முழு வேகத்தில் போய் முட்டும். உச்சந்தலைத் தோல் கிழியும், சில சமயம் கழுத்தே முறியும்.

தெரிந்தவர் ஒருவர் 3 அடி உயரத்தில் அழகாக ஒன்று கட்டினார், மேலே தகரம். சில நாளில் ஒரு பெட்டைக்கு உச்சியில் இறகு போய் ரத்தம் உறைந்திருந்தது. எலி கடித்தது என்று சுற்றிலும் பொறி வைத்துக்கொண்டிருந்தார். கையை உள்ளே விட்டுத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். விரலோடு பொடி இறகுகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

எரிச்சல் எதற்கென்றால், மரவேலையில் முதலில் முடிவாவது உயரம்தான். கால், கதவுச் சட்டம், வலையின் அகலம் எல்லாம் அதை வைத்தே அறுபடுகின்றன. பிறகு குறைக்க வேண்டுமென்றால் பாதிக் கூண்டைக் கழற்ற வேண்டும். கழற்ற மனமில்லாதவர்கள், தரையிலிருந்து 1 அடியில் நிழல் வலையை உட்கூரையாகக் கட்டுங்கள். விறைப்பாக இழுக்காதீர்கள், கையால் அழுத்தினால் நாலு விரல் கிடை இறங்க வேண்டும். கண்ணி பெரிதான வலையில் தலை மாட்டிக்கொள்ளும். அந்த 1 அடியைத் தரைப் பலகையிலிருந்து அளக்காமல், அதன்மேல் பரப்பிய மணலிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

கோழி வலை

கோழியை உள்ளே நிறுத்தும், எலியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின்னை மட்டும் நம்பாமல் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு முடுக்குங்கள். கூண்டு மண்ணில் உட்காருகிறதென்றால், சுற்றிலும் 1 அடி அகலத்துக்கு அதே வலையை வெளிப்பக்கமாகப் படுக்கவைத்து மண் மூடுங்கள். தோண்டி வரும் பிராணி சுவரோரத்தில்தான் தொடங்கும், அங்கேயே கம்பியில் நகம் மாட்டும்.

கதவு

கை நீட்டினால் கடைசி மூலை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் தோளை நுழைப்பீர்கள், அந்தச் சந்தில் ஒன்று வெளியே பாயும். கோழிபோலத் தீனி காட்டிக் கூப்பிட்டால் திரும்பி வராது. பெரிய கதவு ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல். மேலே திறக்கும் மூடி வேண்டவே வேண்டாம், காரணம் இந்நேரம் புரிந்திருக்கும்.

முழுக்கக் கம்பித் தரை

பாதம் புண்ணாகும். பாதித் தரையாவது பலகையாக இருக்கட்டும். மேலே காய்ந்த மணல் போட்டால் புரண்டு குளித்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்

சின்னக் கூண்டில் வேண்டாம்.

கூரைச் சரிவு

கதவுப் பக்கம் சரிக்காதீர்கள். மழையில் தீனி வைக்கக் குனிந்தால் தண்ணீர் முழுக்க உங்கள் முதுகில் இறங்கும்.