வளைந்த மரத்துக்கு ஸ்போக்ஷேவ்

போன மாசியில் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் வீட்டிலிருந்து ஒரு சாய்வு நாற்காலி என் பட்டறைக்கு வந்தது. பர்மாத் தேக்கு, பிரம்புப் பின்னல், காலை நீட்டிப் போட்டுக்கொள்ள வசதியாக நீண்ட இரண்டு கைகள். அதில் இடது கை பாதியில் முறிந்திருந்தது. "எங்க அப்பச்சி உட்கார்ந்தது தம்பி. வலது கை எப்படி இருக்கோ அதே மாதிரி இருக்கணும்" என்றார் ஆச்சி. வலது கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் அகலமாகத் தொடங்கி, முழங்கை படும் இடத்தில் லேசாகக் குழிந்து, முன்னால் போகப் போக மெலிந்து, நுனியில் உருண்டு முடிகிறது. ஒரு இடத்திலும் நேர்கோடு கிடையாது.

இந்த மாதிரி வேலைக்கு நான் எடுப்பது ஸ்போக்ஷேவ் என்ற சீவும் கருவி. நம்மூர்த் தச்சர்களில் பாதிப் பேர் இதைக் கையால் தொட்டதில்லை. வளைவு என்றால் சின்னக் கோடாலி போன்ற வாய்ச்சியால் செதுக்கி, உளியால் திருத்தி, அரத்தால் ராவி, கடைசியில் நாள் முழுக்க உப்புத்தாள் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் வளைவின் உயிரே போய்விடுகிறது. மேடு பள்ளம் அப்படியே இருக்க, மேலே மட்டும் மினுமினுக்கும். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

இழைப்புளியின் அடி ஒரு சாணாவது இருக்கும். குழிந்த இடத்தில் வைத்தால் இரண்டு முனையும் மரத்தில் தட்டி, பிளேடு அந்தரத்தில் நிற்கும். ஸ்போக்ஷேவின் அடி முன்பின்னாக இரண்டு விரல் அகலம்தான். அதனால் வளைவோடு ஏறி இறங்கும். நடுவில் சின்ன பிளேடு, இருபுறமும் சிறகு மாதிரி இரண்டு பிடி. ஸ்போக் என்றால் ஆரக்கால், ஷேவ் என்றால் சீவுதல். சக்கரம் செய்கிறவர்கள் ஆரக்காலைச் சீவ வைத்திருந்ததால் வந்த பெயர். என் அப்பாவும் வண்டிச் சக்கரம் செய்தவர். கருவேல ஆரக்காலை வாய்ச்சியாலேயே ஏறக்குறைய முடித்துவிடுவார். அந்தக் கை எனக்கு வரவில்லை. இந்தக் கருவி வந்தபிறகுதான் வளைவு எனக்கு வசப்பட்டது.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அடி. தட்டையான அடி, உருண்ட அடி என்று இரண்டு வகை. வெளிப்பக்கம் புடைத்த வளைவுக்கும், மிக லேசான குழிவுக்கும் தட்டை அடி போதும். ஆழமான உள்வளைவுக்குத்தான் உருண்ட அடி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் தட்டையை வாங்குங்கள். உருண்டது மரத்தின் மேல் முன்னும் பின்னும் ஆடும். பழகாத கைக்கு அது அடங்காது. தட்டையில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு உருண்டதற்குப் போனால் ஒரே நாளில் பிடிபடும். அடியே பக்கவாட்டில் குழிந்திருக்கும் மூன்றாவது வகையும் உண்டு. உருளைப் பிடிகளுக்கு ஆகும், ஆனால் அது இல்லாமலே நான் பல வருடம் ஓட்டிவிட்டேன்.

இரும்பில் ஸ்டான்லி கம்பெனியின் 151 என்ற அமைப்பைத்தான் பலரும் நகல் எடுத்து விற்கிறார்கள். பிளேடு கிட்டத்தட்ட 54 மில்லிமீட்டர் அகலம். மேலே இரண்டு திருகு. இரண்டையும் சேர்த்துத் திருகினால் பிளேடு ஏறி இறங்கும், ஒன்றை மட்டும் திருகினால் ஒருபக்கம் சாயும். உருண்ட அடியுள்ளதற்கு 151ஆர் என்று பெயர். 51 என்ற பழைய வகையில் திருகே கிடையாது, கையால் தட்டித் தட்டித்தான் வைக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் திருகு உள்ளதே நல்லது. மரத்தால் செய்த ஸ்போக்ஷேவும் உண்டு. அதில் பிளேடு ஏறக்குறையப் படுத்துக் கிடப்பதால், நார் வெட்டுப்பட்டு நிற்கும் முனைகளை அழகாகச் சீவும். கிடைத்தால் விடாதீர்கள்.

என்னுடைய தட்டை அடி ஸ்போக்ஷேவ் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய பூட்டுகளும் கொண்டிகளும் கொட்டிக் கிடந்த ஒரு கூடையில் கிடைத்தது. பழசு வாங்குகிறவர்கள் பிடி இரண்டும் உடலோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, விரிசல் விடும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துரு பரவாயில்லை, தேய்த்தால் போகும். ஆனால் பிளேடின் தட்டையான பின்புறத்தில், கூர்முனையை ஒட்டிக் குழிகுழியாகத் துரு தின்றிருந்தால் கூர் நிற்காது, வேறு பிளேடு தேட வேண்டும்.

புதுசு வாங்குகிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. மதுரையில் ஒரு கடையில் நான் வாங்கியது முதல் நாளே கடகடவென்று துள்ளியது. மரத்தில் அலை அலையாகத் தடம். பிளேடைக் கழற்றிப் பார்த்தால், அது உட்காரும் சரிவில் பெயிண்ட் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. பிளேடு மூன்று புள்ளியில் மட்டும் பட்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. தட்டையான சின்ன அரத்தால் பெயிண்ட்டை ராவி, சரிவைச் சமமாக்கினேன். துள்ளல் நின்றுவிட்டது. ஆகவே புதிதாக வாங்கிய எதையும் அப்படியே மரத்தில் வைக்காதீர்கள். சரிவு, அடி, பிளேடை அழுத்தும் மூடித் தகட்டின் விளிம்பு, மூன்றையும் பாருங்கள்.

அப்புறம் தீட்டுவது. பிளேடு ரொம்பக் குட்டை, விரலால் பிடித்துக் கல்லில் தேய்த்தால் ஆடும். ஒரு சாண் நீளக் கட்டை எடுத்து, அதன் முனையில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, பிளேடின் பின்தலையை அதில் செருகிக்கொள்ளுங்கள். இப்போது உளி தீட்டுவது போலவே தீட்டலாம். முதலில் பின்புறத்தைக் கல்லில் படுக்கவைத்து, கூர்முனையை ஒட்டிய பகுதி கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கம், 25லிருந்து 30 பாகைக்குள். பின்புறத்தில் பிசிர் எழுந்து விரலில் தட்டியதும் நிறுத்தி, மெல்லிய கல்லில் பிசிரை எடுத்து, தோல் துண்டில் பத்துத் தடவை இழுத்துவிடுங்கள். தேக்குக்கு இது அடிக்கடி வேண்டும். தேக்கில் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது, பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆச்சியின் நாற்காலிக் கைக்கு மட்டும் நான் நான்கு தடவை தீட்டினேன்.

அந்தக் கைக்கு மரம், இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த பழைய உத்தரத் துண்டு. பழைய மரம் எடுக்கிறவர்கள் முதலில் காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். தலை ஒடிந்த ஆணி உள்ளே இருக்கும். ஒரே இழுப்பில் பிளேடின் வாயில் பல் விழுந்துவிடும். சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அதையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

பிளேடை வைப்பதில் ஒரு வழி சொல்கிறேன். அடியை மேலே பார்க்கத் திருப்பி, கண்ணுக்கு நேரே பிடித்து, பிளேடு ஒரு மயிர் கனம் தெரியும்வரை இறக்குங்கள். பிறகு தீக்குச்சி கனத்தில் ஒரு மரச் சிம்பை பிளேடின் இரண்டு ஓரத்திலும் இழுத்துப் பாருங்கள். நான் வேண்டுமென்றே இடது ஓரம் கொஞ்சம் அதிகமாகவும் வலது ஓரம் குறைவாகவும் வைப்பேன். மரம் நிறையப் போக வேண்டும் என்றால் இடப்பக்கத்தால் சீவுவேன், முடிக்கும்போது வலப்பக்கத்துக்கு நகர்ந்துவிடுவேன். வேலை நடுவே அடிக்கடி திருகைத் தொட வேண்டியதில்லை.

பிடிகளை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரல்கள் இரண்டும் பிளேடுக்குப் பின்னால் உடலை ஒட்டி, ஆள்காட்டி விரல்கள் முன்னால் லேசாக. மற்ற விரல்கள் பிடியில் சும்மா படிந்திருக்கட்டும். தள்ளியும் சீவலாம், இழுத்தும் சீவலாம். மரத்தைத் திருப்பி மாட்டுவதைவிடக் கையை மாற்றுவது சுலபம் என்பதால் இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள். கருவியை நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாக வைத்து ஓட்டினால் வெட்டு இன்னும் மென்மையாக விழும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மரம் பிய்கிறது என்றால், நார் ஓட்டத்துக்கு எதிரே போகிறீர்கள். பென்சில் சீவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பருமனிலிருந்து நுனிக்குத்தான் சீவுவோம். நுனியிலிருந்து மேலே சீவினால் கத்தி உள்ளே குத்தும். வளைவும் அப்படித்தான். புடைத்த வளைவில் உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் கீழே இறங்க வேண்டும். குழிந்த வளைவில் இரண்டு கரையிலிருந்தும் பள்ளத்துக்கு இறங்கி, அடியில் நின்றுவிட வேண்டும், எதிர்க்கரையில் ஏறக் கூடாது. இரண்டு பக்கச் சீவலும் சந்திக்கும் அந்த அடிப்புள்ளியில்தான் பிசிறு நிற்கும். அங்கே பிளேடை இன்னும் ஏற்றி, கோணலாக வைத்து, மூச்சுக் காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய சுருளாக எடுங்கள். ஆச்சி நாற்காலியில் முழங்கைக் குழிவு முழுக்க இந்த வேலைதான், அரை நாள் ஆனது. வேம்பு மாதிரி நார் பின்னிக்கொண்டு ஓடும் மரத்தில் ஓட்டம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே காதைத் தீட்டி வையுங்கள். நல்ல சீவல் 'ஸ்ஸ்' என்று ஒரே சீராகப் போகும், எதிர் நாரில் கரகரக்கும். கரகரத்த உடனே திசையை மாற்றிவிடுங்கள்.

உருண்ட அடியை உபயோகிக்கும்போது முன்பக்க அடியை முதலில் மரத்தில் பதித்து, மெதுவாகப் பின்னால் உருட்டுங்கள். ஒரு இடத்தில் பிளேடு கவ்வும். அந்தச் சாய்வை மணிக்கட்டில் அப்படியே நிறுத்தித் தள்ள வேண்டும். அடியின் உருட்சியைவிட இறுக்கமான உள்வளைவில் அது நுழையாது, அங்கே உருட்டு அரம்தான்.

வேலையை எந்த வரிசையில் செய்வது? அட்டையில் வலது கையின் வடிவத்தை வெட்டி எடுத்து, மரத்தில் வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, விட்டு அறுத்தேன். முதலில் விளிம்புகளை மட்டும் கோடு வரை சீவினேன். அப்போது மூலமட்டம் வைத்து விளிம்பு மேல்முகத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். உருட்டுவதற்கு அவசரப்பட்டால் இரண்டு ஓரமும் இரண்டு விதமாகிவிடும். அது முடிந்தபிறகுதான் முனைகளைச் சீவி மழுக்குவது. உருளையாக வேண்டிய நுனிக்கு ஒரு கணக்கு உண்டு. சதுரத்தின் அகலத்தை 24 பங்காக நினைத்து, 7, 10, 7 என்று எல்லா முகத்திலும் இரண்டிரண்டு கோடு இழுங்கள். கோட்டுக்குக் கோடு மூலையைச் சீவினால் எட்டுப்பட்டை வரும். அந்த எட்டு மூலையையும் லேசாகச் சீவினால் பதினாறு. அதற்குமேல் கோடு வேண்டாம், கையே உருட்டிவிடும். பழகுவதற்கு ஒரு மண்வெட்டிப் பிடியை இப்படிச் செய்து பாருங்கள். கருவேலம் பச்சையாக இருக்கும்போது சீவ இதமாக இருக்கும், காய்ந்தால் கல்தான். பச்சையில் சீவுகிறவர்கள், காயும்போது சுருங்குமென்று கொஞ்சம் பருமனாகவே விட்டு, காய்ந்தபிறகு கடைசிச் சீவலைப் போடுங்கள்.

மேடு பள்ளம் பார்க்க முகப்புத் திண்ணைக்கு எடுத்துப்போய்ச் சாய்வு வெயிலில் பிடிப்பேன். நிழல் எங்கே உடைகிறதோ அங்கே ஒரு பென்சில் கீறல். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவல். கண் விடுவதை உள்ளங்கை பிடித்துவிடும். நாற்காலிக் கையில் கடைசியாக அகப்பட்ட மேடு நுனியிலிருந்து மூன்று விரல் தள்ளி இருந்தது. இரண்டு சுருள் எடுத்ததும் போய்விட்டது. உப்புத்தாளைத் தொடவில்லை. ஆளிவிதை எண்ணெய் மட்டும் துணியில் நனைத்துத் தேய்த்தேன்.

நாற்காலியைத் திரும்பக் கொண்டுபோய் வளவில் போட்டபோது ஆச்சி இரண்டு கையிலும் முழங்கையை வைத்து உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இடது கையைத் தடவிக்கொண்டே, "பிரம்பையும் நீங்களே பின்னிக் கொடுத்துடுங்க தம்பி" என்றார்.