ஜேமில் முள் ஏறும் பழைய வீரா: கூலண்ட் மாற்றுவது முதல் காற்று எடுப்பது வரை

பழைய புரோட்டான் வீரா காரோ சாகாவோ சூடேறினால், கோலாலம்பூரில் பாதிப் பேர் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?" தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, சூடானதும் திறக்கும் வால்வு. ஜேமில், அதாவது போக்குவரத்து நெரிசலில், கார் நிற்கும்போது நல்ல தெர்மோஸ்டாட் எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதை எடுத்துவிடுவதால் ஒரு டிகிரிகூடக் குறையாது. ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். நோய் எங்கோ இருக்க, காவல்காரனை வேலையை விட்டு நீக்கியது போலத்தான் இது.

முதலில் கார் எப்போது சூடேறுகிறது என்று பாருங்கள். எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது சூட்டைக் காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், பெரும்பாலும் விசிறிதான் காரணம். ஜேமில் ஒன்றும் ஆகாமல், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் மட்டும் ஏறினால், தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்பின் இறக்கை அரிப்பு, உள்ளே சப்பிப்போகும் கீழ்க் குழாய் ஆகியவற்றில் ஒன்று. இரண்டு இடத்திலும் ஏறினால் தண்ணீர் அளவையும் ஹெட் கேஸ்கெட்டையும் (இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள்.

விசிறியைச் சோதிப்பது சுலபம். ஏர்கோனைப் போட்டால் முன்னால் விசிறி சுழல வேண்டும். ஏர்கோன் இல்லாமல் காரை நிறுத்தி ஓடவிட்டால், முள் பாதியைத் தாண்டும் முன் ரேடியேட்டர் விசிறி தானாக ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, விசிறியின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுங்கள். வேகமாகச் சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, சூட்டுச் சுவிட்ச் என்று வரிசையாகத் தேடலாம். சோம்பலாகச் சுழன்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றுங்கள். "சுழல்கிறதே" என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பாதி வேகத்தில் சுழலும் விசிறி ஏர்கோன் போட்ட காரை ஜேமில் காப்பாற்றாது. ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். இலைச்சருகும் மண்ணும் அங்கே பாயாகப் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே போகும்படி மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். ஜெட் குழாய் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இனி கூலண்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம். இந்தக் கார்கள் பலவற்றில் உள்ள 4ஜி15 இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் ஊறும்போது அரிப்பு வேகமாக நடக்கும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் அதைத் தூண்டி, ரேடியேட்டருக்குள் படிமமாகவும் ஒட்டிக்கொள்ளும். "இங்கே பனியா கொட்டுகிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பவர்கள் தண்ணீர் உறையாமல் காப்பதோடு அது செய்யும் அரிப்புத் தடுப்பு வேலையை மறந்துவிடுகிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பவர் விருப்பம். போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

இந்த இன்ஜின் மொத்தமாகக் கொள்வது ஏறத்தாழ 5 லிட்டர். ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியே வரும், மீதி பிளாக்குக்குள் தங்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் கழுவிவிட்டு, தண்ணீர் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் உள்ளே நீர்த்துப்போகும். ஆகவே கலக்காத கூலண்டாக 2 லிட்டர் வாங்குங்கள். அதை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீரால் நிரப்பினால் 40 விழுக்காட்டுக் கலவை கிடைக்கும். நம் ஊருக்கு அது போதும்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே தொடங்குங்கள். இரவு நிறுத்திய காரைக் காலையில் தொடுவதே நல்லது. மூடியைத் துணி போட்டுத் திறந்து, அடியில் அகலமான பாத்திரம் வைத்து, வடிகுழாயின் பிளாஸ்டிக் திருகைக் கையால் மட்டும் திருகுங்கள். பிளையர் போட்டால் பழைய பிளாஸ்டிக் உடைந்து கையோடு வந்துவிடும். அதே நேரம் ரேடியேட்டரின் மேல்தொட்டியையும் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் விரைவில் விரிசல் விடும், புது ரேடியேட்டருக்குக் காசு ஒதுக்குங்கள். வடிந்ததும் மூடி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, முள் பாதிக்கு வரும்வரை ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். வரும் தண்ணீர் தெளியும்வரை இதைச் செய்யுங்கள். துருநிறத்தில் வந்தால் மூன்று நான்கு முறைகூட ஆகும். ரிசர்வ் தொட்டியின் உள்ளழுக்கு போக, ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்கினால் போதும்.

தெர்மோஸ்டாட்டை இப்போதே மாற்றிவிடுங்கள். புதியதையும் பொருத்துமுன் சோதிக்க வேண்டும். பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றுங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்கி, 95 அளவில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஆடும் சிறு ஊசி மேலே இருக்கும்படி பொருத்துங்கள், காற்று வெளியேறும் வழி அதுதான். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அது வெறும் மூடியல்ல, அழுத்தத்தைப் பிடிக்கும் வால்வு. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அது 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் தொட்டி வழியே வழிந்துவிடும். மூடியின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போடுவது முன்னேற்றமல்ல, பழைய குழாய்க்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் சுமை. கார் ஆறிய பிறகு மேல் குழாய் சப்பையாக ஒட்டியிருந்தால், மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு சிக்கியிருக்கிறது என்று பொருள். புது மூடிக்கு மாமாக் கடையில் இரண்டு பேர் சாப்பிடும் காசு ஆகும், அவ்வளவுதான்.

நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தினால் காற்று ரேடியேட்டர் வாய்க்கு வரும். மெதுவாக ஊற்றி, மேல் குழாயை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரும், அளவு இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மூடியைத் திறந்தே வைத்து, ஏர்கோன் போடாமல் இன்ஜினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் சட்டென்று இறங்கும், கீழ்க் குழாய் சூடாகும். நிரப்பிக்கொண்டே இருந்து, விசிறி இரண்டு முறை ஓடி நின்ற பின் மூடுங்கள். தண்ணீர் கொதித்து எழும்பினால் உடனே நிறுத்திவிட்டு ஆறவிட வேண்டும், முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். வடித்தது எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். ஒரு லிட்டர் குறைவாக ஏறியிருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. சூடேறும் கார்கள் பலவற்றில் பாகங்கள் எல்லாம் புதிதாக இருக்கும், கோளாறு இந்தக் காற்றுதான்.

குமிழி அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் கதை வேறு. குளிர்ந்த இன்ஜினை இயக்கிய ஒரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல்லாக இறுகுவது, எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த நிறம், வெள்ளைப் புகை ஆகியவை ஹெட் கேஸ்கெட்டைக் காட்டும். உறுதி செய்ய வொர்க்ஷாப் ஃபோர்மேனிடம் நீலத் திரவச் சோதனை கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றில் இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிந்த புகை இருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றினால், தளம் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள். டைமிங் பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றினால் கூலி ஒருமுறையோடு போகும்.

வழியில் முள் ஏறினால் முதலில் ஏர்கோனை நிறுத்தி, பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். ஹீட்டரைத் திறந்துவிடும் வெளிநாட்டு உத்தி இங்கே பெரும்பாலும் பயன்படாது, உள்ளூர் கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. சிவப்பைத் தொட்டால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான இன்ஜின்மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வளையும், விரிசல் விடவும் கூடும்.

வடித்த கூலண்டை வீட்டு லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றக் கூடாது. அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சம் போதும், சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். போத்தலில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் வொர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். மறுநாள் காலை, கார் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் வாய்வரை தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோப்பை குறைந்திருப்பது இயல்பு. மூன்றாம் நாளும் குறைந்தால், குழாய் கிளிப், வாட்டர் பம்பின் அடி, ரேடியேட்டர் மூலைகள் ஆகிய இடங்களில் காய்ந்த பச்சை அல்லது வெள்ளைக் கறை தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.