கோடு இறங்கினால் சரக்கு தீர்ந்துவிடாது

வேலூர்ப் பக்கம் மக்காத ரசாயனம் என்று பேச்செடுத்தால் போதும், கை தானாகப் பாலாற்றையும் ராணிப்பேட்டை குரோமியக் கழிவையும் காட்டும். கோபம் நியாயம்தான். ஆனால் குரோமியம் உலோகம். பிசிபி (டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றில் ஊற்றிய, குளோரின் சேர்ந்த ரசாயனம்), டயாக்சின் போன்ற நிலைத்த கரிம மாசுகளின், அதாவது எளிதில் சிதையாத கார்பன் சேர்மங்களின், கணக்கு வேறு. இந்தக் கரிம மாசுகளைக் கட்டுப்படுத்த 2001-இல் உலக நாடுகள் ஏற்ற ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் குரோமியத்தைத் தேடினால் கிடைக்காது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

அடுத்ததுதான் பெரிய தவறு. பிசிபி தயாரிப்பு 1930 வாக்கில் தொடங்கி, 1970-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, அப்புறம் சரிந்தது. மொத்தம் ஏறத்தாழ 13 லட்சம் டன். சரிவைப் பார்த்ததும் ‘முடிந்தது கதை’ என்கிறோம். வரைபடத்தில் இறங்கியது தயாரிப்பின் கோடு. காற்றில் கலப்பதன் கோடு அல்ல. காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் கால்வாயை அடைத்தால் ஏரி அன்றைக்கே வற்றிவிடுமா? பழைய டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர், கட்டட இடுக்கில் பூசிய பசை என்று தேங்கி நிற்பது இன்னும் கசிகிறது. வெயில் ஏற ஏற ஆவியாவதும் கூடும். ஆவியானது குளிர்ந்த இடம் தேடிப் போய்ப் படியும். பிசிபி ஆலையே இல்லாத ஆர்க்டிக்கில், சீல்களின் கொழுப்பில் அது இருப்பது இப்படித்தான்.

அதற்காக எல்லா டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயிலும் பிசிபி என்று மிரள வேண்டாம். பெரும்பாலும் சாதாரண கனிம எண்ணெய்தான், சோதித்தால்தான் தெரியும்.

ஆலைகளை மட்டும் எண்ணுவதும் தப்பு. டயாக்சினை யாரும் விற்பதற்காகத் தயாரிப்பதில்லை. செம்புக்காகப் பழைய ஒயரைக் கொளுத்தும்போது எழும் கரும்புகையில் அது தானாக உருவாகிறது.

தோல் கம்பெனிக்காரர்கள் கவனிக்க வேண்டியது குளோரினேற்றிய பாரஃபின். தோலை மிருதுவாக்க ஏற்றும் எண்ணெய்களில் சேர்க்கப்பட்டு வந்தது. இதில் கார்பன் சங்கிலி குட்டையாக உள்ள வகை 2017-இலும் நடுத்தர நீளமுள்ள வகை 2025-இலும் ஒப்பந்தப் பட்டியலில் ஏறின. பீப்பாயில் ‘52’ என்றிருந்தால் அது குளோரின் சதவீதம், சங்கிலி நீளம் அல்ல. உள்ளே எந்த வகை எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. உலகில் இது எவ்வளவு தயாராகிறது, எவ்வளவு கசிகிறது என்று கணக்கு எழுதுபவர்கள் ஒற்றை எண் தராமல் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு தருவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். இரண்டுக்கும் நடுவிலுள்ள எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறவர்கள் அந்த இரண்டையும் சேர்த்தே போடலாம்.