டென்னிஸ் எல்போ: ஊசி முதலில், கை அடுத்து

டென்னிஸ் எல்போ என்று என்னிடம் வருபவர்களில் மட்டை பிடித்தவர்கள் அபூர்வம். திருப்புளி முறுக்குபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள், நாளெல்லாம் மவுஸ் நகர்த்துபவர்கள்தாம் அதிகம். மணிக்கட்டைப் பின்னுக்குத் தூக்கும் தசையின் நாண், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒட்டும் இடம்தான் நோகிறது. இது உலர் ஊசியில் (மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தும் சிகிச்சை) பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்களுக்கான குறிப்பு; வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

முதலில் கழுத்தைச் சோதியுங்கள். கழுத்து நரம்பு அழுத்தமும் இதே இடத்தில் வலி காட்டும். பிறகு வலி தொடங்கும்வரை மட்டும் கையை இறுக்கச் சொல்லிப் பிடிபலத்தை, அதாவது கை இறுக்கும் வலிமையை, அளந்து எழுதுங்கள். இந்த எண் இல்லாமல் நான் ஊசி எடுப்பதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா, தோலில் தொற்று உண்டா, அந்தக் கையில் நிணநீர் வீக்கம் உண்டா என்றும் கேளுங்கள்.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையைச் சற்று மடக்குங்கள். 0.25 மி.மீ. தடிமனுள்ள, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி போதும். முன்கைத் தசையை விரலிடுக்கில் பிடித்தால் கயிறுபோல் ஓர் இழை தட்டுப்படும். அதற்குள் ஊசி போகும்போது தசை சட்டென்று துடிக்கும். துடிப்பு வரவில்லை என்பதற்காகக் குத்திக்கொண்டே இருப்பது வீண் வீம்பு. ஆழத்தில் ரேடியல் நரம்பின் கிளை ஓடுகிறது. விரல் நோக்கி மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே வெளியே இழுங்கள்.

ஊசிக்குப் பின் தசை தளர்ந்த அந்த நேரத்தை வீணாக்காமல், கையால் செய்யும் சிகிச்சைக்கு வாருங்கள். முழங்கை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கட்டும். ஒரு கையால் மேற்கை எலும்பின் கீழ்முனையை வெளிப்பக்கமிருந்து அணைத்து நிறுத்துங்கள். மறுகையால் முன்கையை உட்பக்கமிருந்து வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்தபடி, நோயாளியைக் கையை இறுக்கச் சொல்லுங்கள். இது வலிக்கவே கூடாது. வலித்தால் தள்ளும் கோணத்தை மாற்றுங்கள். ஆறிலிருந்து பத்து முறை செய்துவிட்டு மீண்டும் பிடிபலத்தை அளங்கள். நாணை விரலால் குறுக்கே அழுத்தித் தேய்ப்பதைப் பலர் விரும்புகிறார்கள். நோயாளி பல்லைக் கடித்துப் பொறுக்கும் வலிக்கு ஈடான பலனை நான் அதில் கண்டதில்லை.

வீட்டுக்குப் பயிற்சி இல்லாமல் அனுப்பாதீர்கள். மணிக்கட்டைத் தூக்கி, எதிர்ப்புக்கு எதிராக 30 முதல் 45 விநாடி அசையாமல் நிறுத்துவது, ஐந்து முறை. பிறகு படிப்படியாக எடை. ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் கனக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்கிறேன்: சில வாரம் சுகம், ஆனால் ஓராண்டு முடிவில் போடாதவர்களைவிடப் பின்தங்கும் வாய்ப்பு அதிகம். சில அமர்வுகளுக்குப் பிறகும் பிடிபலம் ஏறவில்லை என்றால் உலர் ஊசியையும் நிறுத்திவிட்டு, ரேடியல் நரம்பு எங்காவது நெருக்கப்படுகிறதா என்று தேடுகிறேன்.