இஞ்சி பீர் நுரைக்காமல் போனால், நுரை மிஞ்சிப் போனால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அடுக்களை மத்தியானம் 32, 33 டிகிரிக்கு வந்துவிடும். இஞ்சியும் சீனியும் நொதிக்கவைத்து வீட்டில் செய்யும் நுரைபானமான இஞ்சி பீர் போடுகிறவர்கள் முதலில் இதை மனத்தில் வைக்க வேண்டும். பல செய்முறைகளில் இருக்கும் நாள்கணக்கு குளிர்நாட்டு அடுக்களைக்கானது. ‘ஐந்து நாள் வெளியே வை’ என்று படித்து அப்படியே வைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கண்ணாடிப் போத்தல் வெடித்தது. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தும் சில்லு பொறுக்கினேன். பகலில் வெடித்திருந்தால், பேரப்பிள்ளைகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையில் காலையில் இனித்த கள் சாயந்திரம் வேறு ஆளாகிவிடும் என்பார் அப்பா. அந்தச் சூடுதான் இங்கேயும் வேலை செய்கிறது.

முதலில் உறை, அதாவது பானத்தை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் வளரும் கலவை. ஒரு கப் தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. துணி கட்டி வைத்து, தினமும் காலையில் இஞ்சியும் சீனியும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். என் வீட்டில் மூன்றாம் நாள் நுரை கட்டும்.

கட்டவில்லையா? இஞ்சித் தோலைச் சீவினீர்களா என்று பாருங்கள். நமக்கு வேண்டிய ஈஸ்ட் தோலில்தான் ஒட்டியிருக்கிறது. பளிச்சென்று கழுவி வரும் இறக்குமதி இஞ்சி என்னைப் பல தடவை ஏமாற்றியிருக்கிறது. விலை கூடினாலும், மண் ஒட்டிய பெந்தோங் ஊர் இஞ்சி ஒரு துண்டு உறைக்கென்று வாங்கிவிடுவேன். அடுத்த சந்தேகம் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கொதிக்கவைத்து முழுக்க ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். ஐந்தாம் நாளும் அசைவில்லையென்றால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

உறை பொங்கியதும் 2 லிட்டர் தண்ணீரில் 150 கிராம் இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவிட்டு, 200 கிராம் சீனி கரைத்து, ஆறவைத்து வடிகட்டுங்கள். நாலைந்து லீமாவ் கஸ்தூரியின் (சின்ன எலுமிச்சை வகை) சாறும் வடிகட்டிய உறை அரை கப்பும் சேருங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம்; பிளாஸ்டிக்கிலும் எல்லாப் போத்தலும் ஆகாது. சோடா, கோலா வந்த போத்தல்தான் அழுத்தம் தாங்கும். மினரல் வாட்டர் போத்தல் வேண்டாம். மேலே மூன்று விரல் இடம் விட்டு இறுக்கி மூடுங்கள்.

இனி நாள் எண்ணாதீர்கள். காலையும் மாலையும் போத்தலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகிய உடனே குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். என் வீட்டில் ஒன்றரை நாளில் இறுகிவிடும். குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். இரண்டு நாளாகியும் போத்தல் மெத்தென்று இருந்தால் மூடி கசிகிறது, இல்லையென்றால் நுரை அடங்கிப்போன உறையை ஊற்றிவிட்டீர்கள்.

லேசான புளிப்பு கோளாறு இல்லை. இஞ்சி பீர் உறையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டாக வேலை செய்வதை மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1892-இலேயே விளக்கியிருக்கிறார். புளிப்பு அந்தப் பாக்டீரியா தருவது. மூக்கில் ஏறும் காடி வாசனை வேறு. திறந்த பாத்திரத்தில் நாள்கணக்கில் கிடந்தால், காற்றோடு சேரும் பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். அதைத் திருப்ப முடியாது.

கொழகொழவென்று நூல் இழுத்தால் லியூக்கோநோஸ்டாக் வகைப் பாக்டீரியாவாக இருக்கலாம். இட்லி மாவைப் பொங்கவைக்கிற கூட்டம்தான். சீனியைத் தின்று கொழகொழப்பை உண்டாக்கும். எனக்கு இப்படி ஆனது தோசை மாவு கலக்கிய கரண்டியை உறையில் விட்ட வாரம். இப்போது உறைக்கென்று தனிக் கரண்டி வைத்திருக்கிறேன்.

உறையின் மேல் தட்டையாக, சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படர்ந்தால் எடுத்துவிட்டுத் தொடரலாம். பஞ்சு மாதிரி பச்சையோ கறுப்போ பூத்தால் மேலாக வழித்துவிட்டு வைத்துக்கொள்ளாதீர்கள், முழுதையும் கொட்டுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது: ஈஸ்ட் இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும். வெளியே வைக்கும் நேரம் கூடக்கூட அதுவும் கூடும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு உறை சேர்க்காத இஞ்சிச் சாற்றில் சோடா ஊற்றித் தனி ஜாடியில் வைத்துவிடுவேன்.