'ஷன்' என்ற ஆங்கில வினை ஸ்பானிஷுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலக் கதைகளை ஸ்பானிஷில் மொழிபெயர்க்கப் பழகுகிறவர்களின் தாள்களைத் திருத்தித் தருகிறேன். 'ஷன்' (shun), அதாவது ஒருவரையோ ஒன்றையோ வேண்டுமென்றே ஒதுக்குவது, வரும் இடத்தில் ஆளுக்கு ஆள் அதே தவறுகள்தான். தொடக்கத்தில் நானும் செய்தவைதான். எழுத்துப்பிழை, ஆண்பால் பெண்பால் குழப்பமெல்லாம் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆங்கிலச் செயப்பாட்டுவினையை அப்படியே தூக்கி வைப்பது

கணவனை விட்டு வந்த பெண்ணை ஊரே ஒதுக்கி வைக்கிற கதை. மாணவர் ஒருவர் 'ஃபுவே எவிதாதா' (தவிர்க்கப்பட்டாள்) என்று எழுதிக் கொடுத்தார். இலக்கணம் சரி. ஆனால் 'எவிதார்' என்றால் தவிர்ப்பது. நெரிசலான சாலையையும் தவிர்க்கலாம், கடன்காரரையும் தவிர்க்கலாம். ஊர் கூடி ஒருத்தியிடம் பேச்சை நிறுத்திய கொடுமை அதில் எங்கே இருக்கிறது? போதாததற்கு அந்தச் செயப்பாட்டுவினை வேறு. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதை அரிதாகத்தான் எடுப்பார்கள். கதையின் குற்றவாளிகள் ஊர்க்காரர்கள். வாக்கியமோ அவர்களைத் தப்பவிட்டுவிட்டது. இன்றைக்கும் எனக்குப் பொறுக்காத இடம் இது.

ஸ்பெயினில் இதற்கென்றே ஒரு வழக்கு உண்டு: 'ஆசேர் எல் பாசியோ'. ஒருவரைச் சுற்றி வெற்றிடத்தை உண்டாக்குவது. 'என் எல் புவெப்லோ லே ஆசியான் எல் பாசியோ' என்று எழுதினால் ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது கண்ணில் தெரியும். வினை பன்மையில் நிற்பதால் செய்தவர்கள் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். தமிழில் நாம் 'ஊரே அவளை ஒதுக்கி வெச்சிருச்சு' என்றுதானே சொல்வோம்? ஆங்கில வரியை மூடிவிட்டு இப்படி ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெண் என்பதற்காக இந்த வாக்கியத்தில் 'லே' (அவளுக்கு) இருக்கும் இடத்தில் 'லா' (அவளை) போடக்கூடாது. செயப்படுபொருள் 'பாசியோ', அவளுக்கு நான்காம் வேற்றுமை, அதாவது 'லே'. மத்ரித் பக்கம் பேச்சில் 'லா' காதில் விழும், எழுத்தில் ஏற்க மாட்டார்கள். அப்புறம், காலம். கதையின் பின்னணியாக நாள்தோறும் தொடர்கிற ஒதுக்கலுக்கு 'ஆசியான்'. 'இசியேரோன்' என்றால் நடந்து முடிந்த விஷயமாகிவிடும்.

எங்கும் 'ஒஸ்திரசிஸ்மோ'

'கொந்தெனார் அல் ஒஸ்திரசிஸ்மோ' (ஒதுக்கிவைப்புக்குத் தண்டிப்பது) என்பது கட்சி ஓரங்கட்டிய அரசியல்வாதிக்குப் பொருந்தும். பழைய ஏதென்ஸில் ஓட்டாஞ்சில்லில் பெயரைக் கீறி, ஒருவரை 10 ஆண்டுகள் நகரை விட்டே அனுப்பிய வழக்கத்திலிருந்து வந்த சொல். அந்த விறைப்பு இன்னும் அதில் இருக்கிறது. பள்ளி மைதானத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத குழந்தைக்கு இதைப் போடாதீர்கள்.

'லேய் தெல் இயேலோ'

பனிக்கட்டிச் சட்டம் என்று பொருள். பேசாமல் இருந்தே தண்டிப்பதை லத்தீன் அமெரிக்காவில் இப்படிச் சொல்வார்கள். தோழிகளுக்குள், கணவன் மனைவிக்குள் நடப்பதற்கு அருமையாகப் பொருந்தும். மெக்சிகோவில் நடக்கிற கதையா, முதலில் இதை நினையுங்கள். ஸ்பெயின் கிராமத்துப் பாட்டியின் வாயில் அவ்வளவாக ஒட்டாது.

'நிங்குனேயார்'

மதிக்காமல் விடுவது. ஒதுக்கி வைப்பது அல்ல.

ஆள் அல்லாதவற்றுக்கு

ஒருவர் விளம்பர வெளிச்சத்தை ஒதுக்கினால் 'ரெஉயிர்' (விலகிப் போவது). அங்கே 'பாசியோ' வேண்டாம்.